பதினேழு பி-யின் கால்

மலையில் பெய்த மழையின் சேதி ஆற்றில் வருவதற்கு முன்னால் பஸ்ஸில் வந்துவிடுகிற ஒரு பாதை இருந்தது. வடகரைப்பட்டணத்தில் புறப்பட்டு, நூல்மில், பீடிக்கம்பெனி, கருங்கல் விலக்கு, ரெட்டைப்பனை என்று இருபத்து மூன்று இடங்களில் நின்று நின்று, மலையடிவாரத்து மேலச்சுனையில் போய் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்புகிற அந்தப் பாதையில் பதினேழு பி ஓடியது. அந்தப் பதினேழு பி-யில் கண்டக்டர் கோமதிநாயகம் இருபத்தாறு வருஷம் நின்றார். நின்றார் என்றால் நின்றார்தான். உட்கார ஒரு சீட்டு இருந்தும் அதில் தன் பையை உட்காரவைத்துவிட்டு, பின்வாசல் கம்பியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றே போனார், நின்றே வந்தார். ஏறியவர்களெல்லாம் எங்கோ ஓரிடத்தில் இறங்கிப் போக, இறங்குவதற்கென்று ஓரிடமும் இல்லாதவராய் அவர் மட்டும் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்.

ஓர் ஐப்பசி மாதத்து மத்தியானம், மேலச்சுனையில் பஸ்ஸைப் பின்னால் எடுப்பதற்காகக் கீழே நின்று விசில் ஊதிக்கொண்டிருந்தவரை, பிரேக் பிடிக்காத ஒரு மீன்வண்டி வந்து இடித்து, வலது காலை முழங்காலுக்கு மேலேயிருந்து எடுத்துக்கொண்டு போயிற்று. அது கதையில்லை. அந்த மாதிரி எல்லா ஊரிலும் நடக்கத்தான் செய்கிறது. கதை, அவருக்குப் புதுக்கால் வந்த பிறகு நடந்தது.

புதுக்கால் மதுரையிலிருந்து வந்தது. பேட்டரியில் ஓடுகிற கால். முழங்காலில் ஒரு மோட்டார், கணுக்காலில் ஒரு மோட்டார், செல்போனைப் போல சார்ஜ் போடவேண்டும். அதை அவருக்கு அளவெடுத்து மாட்டிவிட்டவள் ஷர்மிளா பானு என்கிற பெண். கால் செய்கிற படிப்பைப் படித்தவள், பேச்சில் ஒரு அவசரமும் இல்லாதவள்.

"ஐயா, நீங்க படி ஏறணும்னு நெனைக்கிறப்போ, காலைத் தூக்குறதுக்கு முந்தியே தொடைச் சதை லேசா இறுகும். உங்களுக்கே தெரியாது. அதைக் கேக்குறதுக்குத்தான் இந்தக் கிண்ணத்துக்குள்ள எட்டுப் பொட்டு வச்சிருக்கேன்" என்று தொடை நுழைகிற இடத்தில் பதித்த வெள்ளிப் பொட்டுகளைத் தொட்டுக் காட்டினாள். "கேட்டுக்கிட்டு அதுவா மடங்கும், அதுவா நீளும். ஆனா எந்த இறுக்கம் ஏற, எந்த இறுக்கம் இறங்கன்னு அதுக்கு நீங்கதான் பழக்கிக் குடுக்கணும். நாப்பத்தெட்டு நாள். கட்டில்ல உக்காருங்க, எந்திரிங்க, வாசப்படி ஏறுங்க, இறங்குங்க. அது உங்ககிட்ட இருந்து படிச்சுக்கும்."

நாற்பத்தெட்டு நாளில் டெப்போவில் மருத்துவக் குழு கூடும். கோமதிநாயகம் தன் காலால் பஸ்ஸில் ஏறி, நின்று, இறங்கிக் காட்டினால் பையும் விசிலும் திரும்பக் கிடைக்கும். காட்டாவிட்டால், டெப்போவின் பின்கட்டில் ஜன்னலில்லாத ஓர் அறையில் உட்கார்ந்து டிக்கெட் மெஷின்களுக்கு சார்ஜ் போட்டு அடுக்கிவைக்கிற வேலை, ஓய்வு பெறுகிற நாள் வரைக்கும்.

"அதுக்கு அந்த மீன்வண்டி என்னிய முழுசா எடுத்துக்கிட்டுப் போயிருக்கலாம்" என்று வீட்டில் வந்து சொன்னார்.

"வாயில சூடு போட்டுருவேன், பாத்துக்கிடுங்க" என்றாள் அவர் மனைவி உலகம்மாள். "சோத்தத் தின்னுட்டு வாசப்படில ஏறுங்க."

இரண்டு நாள் ஏறினார். வீட்டு வாசலுக்கு இருந்தது ஒற்றைப் படி. இந்த ஒற்றைப் படியில் அது என்னத்தைப் படிக்கும் என்று அவருக்குப் பட்டது. மூன்றாம் நாள் காலையில் புதுக்காலைத் தோளில் போட்டுக்கொண்டு, ஊன்றுகட்டைகளில் தத்தித் தத்திப் பஸ் நிலையத்துக்குப் போய்விட்டார். பதினேழு பி-யைப் பத்தொன்பது வருஷமாய் ஓட்டிவருகிற டிரைவர் ஜெபமணி, ஸ்டியரிங்கிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தார்.

"என்ன வே, லீவுலயும் டூட்டியா?"

"காலுக்குப் படிச்சுக் குடுக்கணும்னு அந்த மதுரைப் பொண்ணு சொல்லியிருக்கா வே. படிக்கட்டு இங்கதான இருக்கு?"

அதுதான் அவர் செய்த பிழை. வேறு எந்தத் தொழில்காரனும் செய்திருக்கமாட்டான். பின்வாசலை ஒட்டிய ஒற்றைச் சீட்டில், இத்தனை வருஷம் தன் பை உட்கார்ந்திருந்த இடத்தில், காலை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு மணி, இரண்டு மணி நேரமென்று இல்லை, காலை முதல் பொழுது சாய்கிறவரை, நாள்தோறும் உட்கார்ந்தார். ஒருத்தி முந்தானையை இழுத்துச் செருகினால் அவள் அடுத்த ஸ்டாப்பில் இறங்கப் போகிறாள் என்று ஒரு கண்டக்டரின் தொடை இறுகும். ஒருவன் ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக் குனிந்து பார்த்தால் இறுகும். மடியிலிருந்த பை தோளுக்குப் போனால், தூங்குகிறவர் கழுத்து நிமிர்ந்தால், செருப்பைக் கால் தேடினால் இறுகும். இருபத்தாறு வருஷத்தில் அந்தத் தொடை எத்தனையோ லட்சம் பேருக்காக இறுகியிருக்கிறது, தனக்காக ஒருநாளும் இறுகியதில்லை. கால் நல்ல மாணாக்கனாயிருந்தது. முன்னால் வைத்த பாடத்தைப் படித்துக்கொண்டது. காரணம் என்றால் அவ்வளவுதான். அதற்குமேல் கேட்டவர்களுக்குச் சொல்ல ஷர்மிளா பானுவிடமும் ஒன்றும் இருக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள், பீடி சுற்றுகிற முப்பிடாதி தன் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கருங்கல் விலக்கு வருவதற்கு நூறடி முன்னால், கோமதிநாயகத்தின் புதுக்கால் மெல்ல ரீங்கரித்து, முழங்காலை நீட்டி, அவரைச் சீட்டிலிருந்து தூக்கி நிறுத்தி, வாசலுக்கு ஓர் எட்டு வைத்தது. கண்ணாடியில் அதைப் பார்த்த ஜெபமணி, பழக்கதோஷத்தில் பிரேக்கை அழுத்தினார். முப்பிடாதி விழித்துக்கொண்டாள்.

"ஐயய்யோ, என் எடம்லா! நான் எறங்கணும்னு எப்படி அண்ணாச்சி தெரிஞ்சுது?"

"எனக்குத் தெரியாதும்மா. காலுக்குத் தெரிஞ்சிருக்கு."

"அப்படியா" என்று அவள் குனிந்து அந்தக் கறுத்த உலோகக் காலைப் பார்த்தாள். "ரொம்ப உபகாரம் தாயி" என்று அதனிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

முப்பிடாதி தினமும் வருகிறவள், அவள் இடம் அவருக்குத் தெரிந்ததுதானே என்று ஜெபமணி சொன்னார். அடுத்த நடையில் ஈரோட்டுக்காரர் ஒருவர், அந்தப் பக்கம் முன்பின் வராதவர், தன் மாமன் வீடு எந்த ஸ்டாப் என்று தனக்கே தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார். ரெட்டைப்பனையில் கால் எழுந்தது. அவர் இறங்கினார். எதிரில் மாமன் நின்றுகொண்டிருந்தார். ஜெபமணி சிலுவை போட்டுக்கொண்டு கியரை மாற்றினார்.

ஒரு வாரத்தில் அந்தப் பஸ்ஸில் 'எறக்கம்' என்று கூவுகிற குரலே இல்லாமல் போயிற்று. மாற்றுக்கு வருகிற கண்டக்டர்கள் நாளுக்கொருவராய் வந்து, டிக்கெட்டைக் கிழித்ததோடு தங்கள் வேலை முடிந்ததென்று வாசலைக் காலின் பொறுப்பில் விட்டுவிட்டார்கள். கால் எழும், பஸ் நிற்கும், இறங்குகிறவர் இறங்குவார், கால் மடங்கும். ஓர் ஆட்டைச் சந்தைக்குக் கொண்டுபோனான் ஒருவன். ஸ்டாப்பே இல்லாத ஒரு புல்வெளிக்கு நேரே கால் எழுந்து நின்றது. யார் யார் என்று எல்லாரும் ஒருவரையொருவர் பார்க்க, தூரத்தில் அந்த ஆட்டின் மந்தை மேய்ந்துகொண்டிருந்தது. கொண்டுவந்தவன் சற்றுநேரம் ஆட்டையே பார்த்துவிட்டு, அதைத் தோளில் தூக்கிக்கொண்டு அங்கேயே இறங்கினான்.

ஆனால் ஊர் என்பது ஆச்சரியத்தில் எத்தனை நாள் வாயைப் பிளந்துகொண்டிருக்கும்? அதைக் கழுவித் துடைத்துப் புழங்க எடுத்துக்கொண்டது. டாஸ்மாக் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று பெண்டாட்டி தலையில் சத்தியம் செய்திருந்த ஒருவர், பெண்டாட்டியோடு போகையில் கடைக்கு நேரே கால் எழுந்து நின்றுவிட, அதிலிருந்து மறைக்க விஷயமுள்ளவர்கள் பஸ்ஸின் முன்பாதியில், கால் கொஞ்சம் காதுமந்தமாயிருக்கும் தூரத்தில் உட்காருவது என்று ஒரு வழக்கம் உண்டாயிற்று, யாராவது ஏறியதும் முன்னால் போனால், "என்ன அண்ணாச்சி, இன்னைக்கு அந்தப் பக்கமா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். தன் மனசு தனக்கே பிடிபடாதவர்கள் பின்னால் வந்து காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அண்ணனோடு சண்டை போட்டுப் பதினொரு வருஷம் பேசாமலிருந்த ஒரு வாத்தியார், அண்ணன் ஊர் ஸ்டாப்பில் கால் எழுகிறதா என்று பார்க்க மூன்று நாள் சும்மா போய் வந்தார், மூன்றாம் நாள் எழுந்தது, இறங்கிப் போனார். பிறகு பெண் வீட்டார்கள் வர ஆரம்பித்தார்கள். பெண்ணைப் பின் சீட்டில் உட்காரவைத்து மாப்பிள்ளை ஊர் வழியாக ஒருதரம் போய்வருவது, கால் எழுந்தால் பூ வைப்பது, எழாவிட்டால் ஜாதகம் பொருந்தவில்லை என்று கௌரவமாகச் சொல்லியனுப்புவது. ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை ஊரில் எழாமல் நூல்மில் வாசலில் எழுந்து அவள் குனிந்துகொண்டதும், அவள் அப்பா பெருமூச்சு விட்டு, "பையன் பேரென்னட்டி?" என்று அங்கேயே கேட்டதும் அந்த நாட்களில் நடந்ததுதான்.

இத்தனைக்கும் நடுவில் கோமதிநாயகம், தான் சொன்னதைக் கால் ஒருநாளும் கேட்கவில்லை என்பதை ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்தார். உலகம்மாளுக்கு மட்டும் தெரியும். வீட்டில் அவர் எழுந்திருக்கவேண்டும் என்று எத்தனை முக்கி நினைத்தாலும் கால் மைல்கல் மாதிரிக் கிடக்கும். அவள் அடுப்பில் பால் பொங்குகிறதே என்று நினைத்த மாத்திரத்தில் எழுந்து அவரை இழுத்துக்கொண்டு அடுக்களைக்கு நடக்கும்.

"நான் கொல்லைக்குப் போகணும்னு நெனச்சா நீங்க எந்திச்சு நிக்கிய. எனக்கு வெக்கமா இருக்குல்லா" என்று அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். "டாக்டர் முன்னால என்ன செய்வீங்க?"

முப்பத்தாறாம் நாள் மதுரைக்குப் போனார். ஷர்மிளா பானு காலைக் கம்ப்யூட்டரோடு இணைத்துவிட்டு, திரையில் ஓடிய கோடுகளை நெடுநேரம் பார்த்தாள்.

"ஐயா, இது உங்க சதை பேசுறதுதான். ஆனா இதுல நீங்க எங்கயுமே பேசல" என்றாள். "சரி, இப்ப என்கிட்ட சொல்லுங்க. உங்களுக்கு எங்க போகணும்?"

"எறங்குறவங்க எறங்குற எடத்துக்கு."

"அது அவங்க எடம். உங்களுக்கு?"

அவர் யோசித்தார். அவருக்குத் தெரிந்த இருபத்து மூன்று இடங்களும் வரிசையாக வந்து போயின. ஒவ்வொன்றிலும் யாரோ இறங்கினார்கள்.

"அழிச்சிரலாம்" என்றாள் அவள், வருத்தமாக. "படிச்சது எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்லேருந்து, உங்களை மட்டும் கேக்குற மாதிரி பழக்கலாம். எட்டு நாள் போதும், டெஸ்டுக்கு முந்தி முடிஞ்சிரும். ஆனா அழிச்சா அழிச்சதுதான். இந்த மாதிரி ஒண்ணை நான் பாத்ததில்ல. இனிமேயும் பாக்கமாட்டேன்."

வருகிற செவ்வாய்க்கிழமை வந்து அழித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வந்தார். டெஸ்டுக்காகக் கால் படித்ததை அழிக்கப்போகிறார் என்று மட்டும் பஸ்ஸில் சேதி பரவியது. இரண்டு கட்சியாயிற்று. 'மனுசன் பொழப்பு பெருசா, ஒங்க பவுசு பெருசா' என்று பாதிப் பேர், அழிக்கவே கூடாது என்று மீதிப் பேர். டாஸ்மாக் வாசலில் பெண்டாட்டியிடம் மாட்டிக்கொண்டவர் அழித்தே ஆகவேண்டும் என்றார், அவரை யாரும் மதிக்கவில்லை. முப்பிடாதி மட்டும் காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அத அழிச்சா அதுக்கு வலிக்குமா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

திங்கட்கிழமை மத்தியானம், ரெட்டைப்பனையில் சொர்ணம் என்கிற கர்ப்பிணி ஏறினாள். எட்டு மாதம். தாய்வீட்டுக்கு மேலச்சுனைக்குப் போகிறாள், கடைசி ஸ்டாப், அவள் இறங்க இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. அவள் நிம்மதியாக ஜன்னலோரம் உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தாள். கால் எழுந்தது. ஜெபமணி பஸ்ஸை நிறுத்தினார். யாரும் இறங்கவில்லை. கால் மடங்கவுமில்லை, இதுவரை எழுந்த மாதிரி இல்லாமல், குனிந்து, நிமிர்ந்து, குனிந்து, எங்கோ மிக இடுக்கான ஒரு வாசலில் தலையை நுழைத்துப் பார்ப்பது போல அசைந்தது. கோமதிநாயகத்தின் தொடையில் அந்த இறுக்கம் ஏறியது. அவருக்குத் தெரிந்த எந்த இறுக்கமும் அது இல்லை, ஸ்டாப்பின் பேர் தெரியாத, உலகத்தில் எந்த ஊரின் பேரும் தெரியாத ஒருவர், இறங்கவேண்டும் என்பதை மட்டும் அறிந்த ஒருவரின் இறுக்கம்.

"எம்மா" என்றார் சொர்ணத்திடம், குரல் அவருக்கே கேட்காமல். "எறங்க நெனைக்கிறது நீ இல்ல."

அவள் புரியாமல் பார்த்தாள். பிறகு கொய்யாப்பழம் கையிலிருந்து விழுந்தது, சீட்டின் கீழே தண்ணீர் ஓடியது. ஜெபமணி பஸ்ஸைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குத் திருப்பினார். வழியில் ஒரு ஸ்டாப்பிலும் நிற்காமல் பதினேழு பி ஓடியது அந்த ஒரு நாள்தான். கால் வழியெல்லாம் நின்றபடியே வந்து, ஆஸ்பத்திரி வாசலில் சொர்ணத்தை இறக்கிய பிறகும் மடங்காமல், உள்ளேயிருந்து ஓர் அழுகை கேட்ட கணத்தில் மடங்கியது. பிள்ளைக்குக் கழுத்தில் கொடி சுற்றியிருந்ததாம், கொஞ்சம் தாமதித்திருந்தால் கிடைத்திருக்காதாம் என்று நர்ஸ் வந்து சொன்னாள். பஸ்ஸிலிருந்த அத்தனை பேரும் ஆஸ்பத்திரி வராந்தாவில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். ஏன் கழற்றினோம் என்று அவர்களுக்கே தெரியாது.

செவ்வாய்க்கிழமை அவர் மதுரைக்குப் போகவில்லை. உலகம்மாள் சட்டையை எடுத்து வைத்திருந்தாள், அவர் போடவில்லை, அவள் மடித்துத் திரும்ப உள்ளே வைத்தாள்.

நாற்பத்தெட்டாம் நாள் டெப்போவில் குழு கூடியது. மருத்துவர் மங்கையர்க்கரசி, கையெழுத்தைக்கூட அளந்து போடுகிறவர் என்று பெயரெடுத்தவர், நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கிளை மேலாளர். பதினேழு பி-யில் தினமும் வருகிறவர்கள் ஒரு பட்டாளமாய் வாசலில் வந்து நிற்க, காவலாளி உள்ளே விடவில்லை. முற்றத்தில் காலியாக ஒரு பஸ்.

"ஏறுங்க" என்றார் மருத்துவர்.

கோமதிநாயகம் ஏற நினைத்தார். இந்தப் படியில் ஏறாவிட்டால் ஜன்னலில்லாத அந்த அறைதான் என்று நினைத்து, மீண்டும் ஏற நினைத்தார். நெற்றியில் வேர்த்தது. கால் அசையவில்லை. பிறகு ரீங்கரித்தது, அவர் மகிழ்ந்து கம்பியைப் பிடிப்பதற்குள், அது பஸ்ஸுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, அவரை இழுத்துக்கொண்டு கேண்டீன் பக்கம் விறுவிறுவென்று நடந்தது. கிளை மேலாளரின் முகம் சிவந்துபோயிற்று. பஜ்ஜி போடுகிற நேரம்.

மருத்துவர் சிரிக்கவில்லை. அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, என்ன விஷயம் என்று கேட்டார். கோமதிநாயகம் ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். ஆட்டைச் சொன்னார், பிள்ளையைச் சொன்னார். கேட்டு முடித்து மருத்துவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சாயங்காலத்துக்குள்ள நான் எழுதிக் குடுக்கணும். அடுத்த பஸ்ல என்னைக் கூட்டிட்டுப் போங்க."

அப்படியாக மருத்துவர் மங்கையர்க்கரசி பதினேழு பி-யில் ஏறிப் பின் சீட்டில் உட்கார்ந்தார். வாசலில் நின்ற பட்டாளமும் ஏறிக்கொண்டது. நூல்மில்லில் கால் எழுந்தது, பீடிக்கம்பெனியில் எழுந்தது, ஒரு தப்பில்லை, ஒரு தாமதமில்லை. மருத்துவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தார், எழுதவில்லை. கருங்கல் விலக்கு தாண்டி, பெரிய குளத்தின் கரையோரம், ஸ்டாப்பே இல்லாத இடத்தில் கால் எழுந்து நின்றது. பஸ் நின்றது. யார் யார் என்று எல்லாரும் பார்த்தார்கள்.

"நான்தான்" என்றார் மருத்துவர். பேனாவை மூடினார். "பாத்தது போதும், இங்கயே எறங்கித் திரும்பிடலாம்னு நெனச்சேன்." அவர் குரல் கடுமையாக இல்லை. "மிஸ்டர் கோமதிநாயகம், இந்த மாதிரி ஒண்ணை நான் எந்தப் புஸ்தகத்திலயும் படிச்சதில்ல. ஆனா இது ஊர்க்கால். நான் சான்று குடுக்கவேண்டியது உங்க காலுக்கு. நாளைக்கு இந்த பஸ் தீப்பிடிச்சா, நாப்பது பேர் நாப்பது பக்கம் ஓட நெனச்சா, நீங்க எந்தப் பக்கம் போவீங்க? நீங்க சொன்னா இது கேக்குமா? ஒரு தடவை, ஒரே ஒரு எட்டு, கேட்டிருக்கா?"

"இல்ல டாக்டர்" என்றார் கோமதிநாயகம்.

கால் ஓர் எட்டுகூட அவர் சொல் கேட்டதில்லை என்பது அதுவரை தெரியாத பஸ் திடுக்கிட்டது. நாங்களெல்லாம் இறங்கிக்கொண்டே இருந்தோமே, இந்த மனுஷன் நிலை இதுவா என்று பார்த்தார்கள். முப்பிடாதிதான் எழுந்தாள்.

"ஒரு நிமிசம் இருங்க டாக்டரம்மா. அது கேக்காம என்ன, நாம கேக்கவிட்டாத்தான? சந்தக்கட மாதிரி இத்தன பேரு நெனப்பு கெடந்து எரையுது. இவரு நெனப்பு எந்த மூலைல கெடக்கோ." அவள் பஸ்ஸைத் திரும்பிப் பார்த்து இடுப்பில் கைவைத்தாள். "கொஞ்ச நேரம் யாரும் எங்கயும் போகணும்னு நெனைக்காதிய."

ஜெபமணி என்ஜினை அணைத்தார். நாற்பத்தொரு பேர் எங்கும் போக நினைக்காமல் இருக்க முயன்றார்கள். சொல்லுவது லேசு, செய்து பார்த்தால்தான் தெரியும். கால் ஒரு துடி துடித்தது.

"யாரு வே அது?"

"நான்தான். மாடு கறக்கணும்லா."

"மாடு நிக்கட்டும் வே, ஒரு நாள்!"

சிரித்தார்கள், மறுபடி அடங்கினார்கள். ரேஷன் கடைக்குப் போகிறவள் ரேஷன் கடையை மடியிலிருந்து இறக்கி வைத்தாள், பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற பிள்ளை வீட்டை இறக்கி வைத்தது, ஆஸ்பத்திரி மாத்திரையை, வட்டிக் கடையை, மகள் ஊரை, யாருக்கும் தெரியாமல் முன்சீட்டுக்காரர்கள் வைத்திருந்த இடங்களையெல்லாம் இறக்கி வைத்தார்கள். மருத்துவரும் தன் நோட்டை மூடி அதன்மேல் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பிறந்ததிலிருந்து போய்க்கொண்டே இருந்த அந்தப் பஸ் முதல்தடவையாக எங்கும் போகவேண்டாததாக நின்றது. குளத்தில் ஒரு நீர்க்காகம் முங்குகிற சத்தம் கேட்டது. அது எழும்புகிற சத்தமும் கேட்டது.

கோமதிநாயகம் அந்த அமைதியில் தன் தொடையைக் கேட்டார். ஒன்றுமில்லை. வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு, கிணற்றின் ஆழத்தில் ஊற்று அசைவது போல, மிகச் சின்னதாய், அவருக்கே வெட்கமாய் இருக்கும் ஓர் ஆசை கிடந்தது. இந்தப் பஸ்ஸை, ஆட்கள் நிறைந்திருக்கும்போது, தள்ளி நின்று ஒருதரம் பார்க்கவேண்டும். அவ்வளவுதான். காலி பஸ்ஸை டெப்போவில் பார்த்திருக்கிறார், அதன் வயிற்றுக்குள் ஒரு வாழ்நாள் நின்றிருக்கிறார். ஆட்களோடு ரோட்டில் போகிற தன் பஸ்ஸை அவர் கண்டதேயில்லை.

கால் ரீங்கரித்தது.

ஒரு படி. இன்னொரு படி. மூன்றாவது படியிலிருந்து அது மண்ணில் இறங்கி, நல்ல காலுக்கு வழிவிட்டு, மறுபடி தான் எட்டு வைத்து, கரைமேட்டில் அவரை ஏற்றி, இருபது அடி தள்ளிக் கொண்டுபோய் நிறுத்தித் திரும்பியது. சாயங்கால வெயில் பஸ்ஸின் பக்கவாட்டில் விழுந்திருந்தது. ஒவ்வொரு ஜன்னலிலும் இரண்டிரண்டு முகம். இத்தனை வருஷம் பின்னந்தலைகளாகவே பார்த்தவர்கள் எல்லாரும் அவர் பக்கம் முகம் திருப்பியிருந்தார்கள்.

அதோடு பஸ்ஸின் கட்டுப்பாடு உடைந்தது. "நடந்துட்டாரு, நடந்துட்டாரு!" என்று முப்பிடாதி கத்த, நாற்பத்தொரு நினைப்பும் மடை திறந்தாற்போல ஒரே நேரத்தில் அவரை நோக்கிப் பாய்ந்தது: வாரும், ஏறி வாரும், ஏறும். காலின் இரண்டு மோட்டாரும் உறுமின. கணுக்கால் நடுங்கியது. பார்த்துக்கொண்டிருந்த மருத்துவர் தன்னையறியாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்தார், ஏனென்றால் அவரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

கால் வரவில்லை. அவருக்கு இன்னும் பார்த்து முடியவில்லை, அதனால் அது நின்றது. உறுமல் தணிந்து, நடுக்கம் தணிந்து, தரையில் பாதம் முழுக்கப் பதிந்து, அவரோடு சேர்ந்து பார்த்துக்கொண்டு நின்றது.

மருத்துவர் நோட்டைத் திறந்து, முழங்காலில் வைத்து, நிறுத்தாமல் அரைப் பக்கம் எழுதி, அடியில் அளந்து கையெழுத்துப் போட்டார். பிறகு முன்பக்கம் குரல் கொடுத்தார்.

"எழுதிட்டேன் டிரைவர். அவரை ஏறச் சொல்லுங்க."

ஜெபமணி ஸ்டியரிங்கில் தாடையை வைத்துக்கொண்டு கரையைப் பார்த்தார்.

"சொன்னா ஏறமாட்டாரு டாக்டர். இனிமே அவருக்காத் தோணணும்."